இல்லை என்று சொல்லத் தெரியாத முதுகு

முதுகில் அட்டைப்பூச்சி விட்டு ரத்தம் எடுக்கும் வைத்தியனிடம்கூட "உங்க அட்டைங்க ரொம்ப மரியாதை தெரிஞ்சதுங்க" என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன் என் வீட்டுக்காரர் ஹூஷங். முதுகில் ரத்தம் ஒழுகிச் சட்டை ஒட்டிக்கிடக்கிறது. காரில் நேராக உட்கார முடியாமல் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்து வருகிறார். வலி குறைந்ததா என்று கேட்டேன். "குறைஞ்சிருக்குன்னு அந்த ஆள்கிட்ட சொன்னேன்" என்றார். நான் கேட்டது அதையா?

ரஷ்துக்கும் அன்ஸலி துறைமுகத்துக்கும் நடுவில் மினிபஸ் ஓட்டி ஓட்டித் தேய்ந்த முதுகு அது. கீழ் முதுகில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்யலாம் என்றார் ஒருவர். செய்யாமலும் சமாளிக்கலாம் என்றார் இன்னொருவர். நாங்கள் இரண்டாமவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். காரணம், ஹோர்மோஸ்.

ஹோர்மோஸ் என் கணவருக்கு அண்ணன். இதே முதுகு, இதே ஜவ்வு. ஆபரேஷனுக்காகத் தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குள் போனார், சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். இப்போது லாஹிஜானில் மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். புத்தாண்டுக்கு அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் போர்வைக்கு அடியில் அந்த இரண்டு கால்கள் கிடக்கும் விதத்தைப் பார்த்தாலே நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஆகையால் கத்தியைத் தவிர எல்லாம் பார்த்தோம். இடுப்பில் பெல்ட், எடை கட்டி இழுப்பது, சூட்டு ஒத்தடம், ரத்தம் உறிஞ்சும் கிண்ணம், அட்டை. நீச்சல் குளத்தில் மார்பளவு தண்ணீரில் நடப்பதுதான் உண்மையிலேயே கொஞ்சம் கேட்டது. அதையும் கெடுத்தார். எதிரே வருகிறவனுக்கு வழி விட்டு, பின்னால் வருகிறவனுக்கு வழி விட்டு, ஆண்களுக்கான நேரம் முடியும் வரை சுவரோரமாகவே நின்றுவிட்டு வருவார். முடி மட்டும் நனைந்திருக்கும், முதுகு வலி அப்படியே இருக்கும்.

அப்புறம்தான் மாந்தானா வந்தாள். ஹூஷங்கோடு அதே சாலையில் பஸ் ஓட்டி, நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த எஸ்கந்தரின் மகள். எங்கள் மடியில் வளர்ந்த பெண். டெஹ்ரானில் டாக்டருக்குப் படித்து, வலிக்கு ஹிப்னாடிசத்தால் சிகிச்சை தரவும் தனியாகப் படித்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஒரு மருந்துக் கடையின் மாடியில் அறை போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தோள்வலிக்கு அவளிடம்தான் போனாள். இன்றைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி தானே துணி பிழிந்து காயப்போடுகிறாள்.

எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. "இதென்னடி மந்திரவாதி வேலை? இவரு பாட்டுக்கு முழிக்காமலே போயிட்டா?" என்று கேட்டேன்.

மாந்தானா சிரித்தாள். "தூங்க வைக்கிறது இல்ல சித்தி. கவனத்த வேற பக்கம் திருப்புறது, அவ்வளவுதான். வலிய அழிக்க முடியாது. அதோட கூச்சல அடக்கலாம்."

படங்களைப் பார்த்தாள். காலைத் தூக்கச் சொன்னாள், கட்டை விரலை மடக்கச் சொன்னாள். இப்போதைக்குக் கத்தி அவசியமில்லை, பயிற்சியும் தண்ணீரில் நடப்பதும் இதுவும் சேர்ந்து போகட்டும் என்றாள். கடைசியில், மேஜையைப் பார்த்துக்கொண்டே, "கீழ்ப்பக்கம் ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா மட்டும் உடனே சொல்லிடணும் சித்தப்பா" என்றாள். ஹூஷங் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே, "கண்டிப்பாம்மா" என்றார். கீழ்ப்பக்கம் என்றால் கெண்டைக்கால் என்று நான் நினைத்தேன்.

ஆண் நோயாளி, பெண் டாக்டர் என்பதால் நானும் உள்ளேயே மூலை நாற்காலியில் உட்காருவேன். திரையை இழுத்துவிட்டு அவள் பேச ஆரம்பிப்பாள். அப்படி ஒரு குரல் அந்தப் பெண்ணுக்கு. "வலது கை குளிர்ந்த தண்ணிக்குள்ள இருக்கு... விரல் ஒவ்வொண்ணா மரத்துப்போகுது... இப்ப அந்தக் கைய முதுகுல வைங்க... அந்த மரப்பு அப்படியே முதுகுக்குள்ள இறங்குது..." முதல் நாளே நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டேன். எழுந்தபோது என் ஒற்றைத் தலைவலி போன இடம் தெரியவில்லை. படுக்கையில் இருந்தவரோ கண்ணை மூடியபடி கொட்டக் கொட்ட விழித்திருந்தார். தூங்குகிற ஹூஷங்கை எனக்குத் தெரியாதா? குறட்டை விடாமல் அவர் தூங்கியதாகச் சரித்திரமே கிடையாது.

இன்னொரு நாள் நான் தூங்கக்கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை மரத்துவிட்டதா என்று பார்க்க, மாந்தானா அவர் புறங்கையில் சின்ன ஊசியால் குத்தினாள். "ஏதாவது தெரிஞ்சுதா சித்தப்பா?"

"ஏம்மா, ஏதாவது செஞ்சியா?" என்றார் என் வீட்டுக்காரர், தேன் வடிகிற குரலில். குத்துப்படாத மறு கை படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். "அஞ்சு. அஞ்சுகூட இருக்காது. உன் கை வலிக்காம இருக்கட்டும் மகளே" என்று நன்றியும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

கார் கதவைச் சாத்தியதும் நான் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு இந்த நாடகம்? ஊசி வலிச்சுதா இல்லையா?"

"வலிச்சுது."

"அதச் சொல்றதுக்கு என்ன?"

"எஸ்கந்தர் பொண்ணு, தூரான் கண்ணு. தொண்டத்தண்ணி வத்தப் பேசுது. எனக்கு ஒண்ணும் ஆகலன்னு அது மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"அட்டைக்காரனும் எஸ்கந்தர் பொண்ணா?"

அடுத்தடுத்த தடவைகளில் அவர் அவளிடம் சொன்ன வலி இறங்கிக்கொண்டே போனது. ஐந்து மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. வீட்டில் அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறார், அங்கே இரண்டு. நானே மாந்தானாவிடம் சொல்லிவிடலாம் என்று பல முறை வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இதுவும் பலிக்கவில்லை என்று ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது கத்தி ஒன்றுதான். போர்வைக்கு அடியில் கிடந்த அந்தக் கால்கள்தான் கண் முன்னே வந்தன. பயத்தில் நானும் ஊமையாகிவிட்டேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, வார விடுமுறைக் காலை. ஹூஷங் நாற்காலியில் கால் அகட்டி உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேநீர்க் குவளையை நீட்டினேன். அவர் வாங்கும்போது கை தவறி, முழுக் குவளையும் அவர் மடியில் கவிழ்ந்தது. நான் அலறிக்கொண்டு துண்டை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் மனுஷன் வெண்ணெய்தான் தடவிக்கொண்டிருக்கிறார். கால்சட்டையிலிருந்து ஆவி பறக்கிறது.

மெதுவாகக் குனிந்து மடியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தூரான், வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு?"

"மரப்பு. அந்தப் பொண்ணு சொல்லிட்டே இருந்ததே, அது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து இருக்கு, உறுதியாத் தெரியட்டும்னு சொல்லாம இருந்தேன். வலியும் பாதிக்கு மேல இல்ல." கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. "பொய் சொல்லிட்டு இருக்கோமேன்னு உறுத்திட்டே இருந்துது. கடைசில உண்மையாயிடுச்சு பாரு."

நானும் ஒரு நிமிஷம் நம்பினேன். கடவுளே என்று கும்பிடக்கூடச் செய்தேன். உடை மாற்ற எழுந்து போனார். இடது காலின் செருப்பு நாற்காலி அடியிலேயே கிடந்தது. அது கழன்றதே தெரியாமல், பாதத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தொடையின் உட்புறம் தோல் வெந்து சிவந்திருந்தது. விரலால் தொட்டேன், தெரியவில்லை என்றார். இன்னும் மேலே, இன்னும் உள்ளே. தெரியவில்லை. உட்காரும் இடம் முழுக்க அவருக்குச் சொந்தமில்லாத சதைபோல இருந்தது. "ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். முப்பது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் என் முன்னால் கூச்சம். சுவரைப் பார்த்துக்கொண்டு, "ராத்திரிலேர்ந்து வரல. முட்டிக்கிட்டு இருக்கற மாதிரியும் தெரியல" என்றார்.

"மாந்தானாவுக்குப் போன் போடுங்க."

"நானே போடணும்னுதான் இருந்தேன். பாவம், சந்தோஷப்படும்."

போட்டார். "மகளே, உன் கைக்கு முத்தம் கொடுக்கணும். மரத்துப்போச்சு... ஆமாமா, முதுகுதான்... முதுகு, இடுப்பு, அந்தப் பக்கம்... ரொம்ப நல்லாயிருக்கு" என்று பேசிக்கொண்டே போகிறார். அவளும் அந்தப் பக்கம் மகிழ்ந்து ஏதோ சொல்கிறாள். நான் போனைப் பிடுங்கினேன். என் மகள் வயசுப் பெண்ணிடம் எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதோ அத்தனையும் சொன்னேன். எங்கெங்கே மரத்திருக்கிறது, எது ராத்திரியிலிருந்து வரவில்லை, எந்தக் கால் இழுக்கிறது, ஒன்று விடாமல். ஹூஷங் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் மாந்தானா சொன்னாள்: "சித்தி, அந்த மரப்பு நான் கொடுத்தது இல்ல. நான் கொடுத்ததா இருந்தா ஒண்ணுக்கு நிக்காது. நரம்பு மொத்தமா நசுங்குது. துணிகூட மாத்த வேணாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் அங்க வரேன்."

நான்தான் காரை ஓட்டினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் படுத்திருந்தவர் வழி நெடுக, "பாவம், அந்தப் பொண்ணப் பயமுறுத்திட்ட" என்று முணுமுணுத்தார்.

அவசரப் பிரிவு வாசலில் கையில் துணி சுற்றிய ஒரு கிழவர் நின்றிருந்தார். ஹூஷங் இழுபடும் காலோடு ஒதுங்கி நின்று, "நீங்க முதல்ல போங்க" என்கிறார். அவர், "ஐயோ, நீங்க போங்க" என்கிறார். "பெரியவங்க இருக்கும்போது நான் போறதா?" இரண்டு பேரும் கதவடியில் நின்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை பறந்துவிட்டது. "உனக்குக் கால் போகுதுடா பாவி, உள்ள போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். கிழவர் அரண்டு போய் எங்களுக்கு வழி விட்டார்.

முதுகெலும்பு டாக்டர் தெய்லமி, கட்டையான ஆள், அளந்துதான் பேசுவார். தொட்டுப் பார்த்தார், படம் எடுத்தார், குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார். பை நிறைந்துகொண்டே போனது. இவ்வளவும் உள்ளே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை.

"இப்பவே திறக்கணும்" என்றார் தெய்லமி. "திறந்தா நடப்பீங்கன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். திறக்கலன்னா நடக்க மாட்டீங்க, அதுக்கு வாக்குக் கொடுக்கறேன். கையெழுத்துப் போடுங்க."

ஹூஷங் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். "வெள்ளிக்கிழமை அதுவுமா உங்களுக்கு எதுக்கு டாக்டர் சிரமம்? பிள்ளைங்களோட இருக்கற நாளு. எனக்கு இப்ப வலியே இல்ல. இன்னொரு நாளைக்கு வந்து உங்களத் தொந்தரவு பண்றேன்."

டாக்டர் எவ்வளவோ சொன்னார். அதட்டினார்கூட. ஒவ்வொன்றுக்கும் நன்றி வந்தது, கையெழுத்து வரவில்லை. டாக்டர் காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டு வெளியே போனார். போனதும் ஹூஷங்கின் சிரிப்பு விழுந்துவிட்டது. என் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டார். "ஹோர்மோஸ் மாதிரி என்னய ஜன்னலோரமா உக்காத்தி வெச்சிடுவாங்க தூரான்" என்றார். அந்தப் பயம் அவருக்கு மட்டுமா? எனக்கும்தான். ஒரு கணம், கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது, சத்தியமாக.

நடையில் மாந்தானா ஓடி வந்துகொண்டிருந்தாள், தலையெல்லாம் மழை. அவளையும் தெய்லமியையும் மடக்கினேன்.

"அவர அதட்டாதீங்க டாக்டர். கால் போயிடும்னு சொன்னா கேக்க மாட்டாரு. அவர்கிட்ட உதவி கேளுங்க."

"நானா? உதவியா?"

"ஆமா. உங்களுக்கு ஒரு சங்கடம்னு சொல்லுங்க. இந்த மனுஷனால அதத் தட்ட முடியாது."

தெய்லமி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் அவரும் ரஷ்தில் பிறந்து இந்த மரியாதையில் வளர்ந்தவர்தானே. தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய், கட்டிலோரமாகக் குனிந்து, "ஹூஷங் அண்ணே, உங்க தம்பி ஒரு இக்கட்டுல இருக்கேன்" என்று ஆரம்பித்தார். "சாப்பாட்டுல உக்காந்தவங்கள எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். உள்ள எல்லாம் தயாரா நிக்கறாங்க. நீங்க கிளம்பிப் போயிட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்ககிட்டப் போவேன்? என்ன வெறுங்கையோட திருப்பி அனுப்பாதீங்க."

ஹூஷங் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க வார்த்தைய எப்படித் தட்டறது டாக்டர்" என்றார். பேனாவை வாங்கினார். கையெழுத்து கோணல் மாணலாக விழுந்தது. வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு ஊழியனிடமும், "சிரமம் கொடுக்கறேன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். கதவு மூடியது. பிறகு எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.

காத்திருந்தபோது மாந்தானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு நாள்கூட அவர் மயங்கியதில்லை, எண்களெல்லாம் பொய் என்று.

"அந்த ஊசி?" என்றாள்.

"வலிச்சுதாம்."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் நம்பிட்டேன் சித்தி. எங்க மரத்தா ஆபத்துன்னு பச்சையாச் சொல்லியிருக்கணும். சித்தப்பா முன்னால எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டு மேஜயப் பாத்துச் சொன்னேன்." அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் எல்லாம் தெரிந்துதானே இருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து யார் வந்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆபரேஷன் முடிந்து அவர் நன்றாக விழித்துக்கொண்ட பிறகுதான், நானும் மாந்தானாவும் கட்டிலருகே நிற்கும்போது, தெய்லமி வந்தார். நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை எடுத்துவிட்டதாகவும், எவ்வளவு திரும்பி வரும் என்பது இனி நரம்பின் கையில் என்றும் சொன்னார். கால்மாட்டில் போய் நின்று போர்வையை விலக்கினார்.

"தொடும்போது சொல்லுங்க. தெரியுதா?"

"தெரியுது டாக்டர். நல்லாத் தெரியுது. உங்க கை வலிக்காம இருக்கட்டும்."

டாக்டர் இன்னும் போர்வையைத்தான் மடித்துக்கொண்டிருந்தார்.

தெய்லமி கையில் போர்வையோடு அப்படியே நின்றுவிட்டார். நான் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், என் உள்ளங்கையால் ஹூஷங்கின் கண்கள் இரண்டையும் மூடினேன். காதருகே குனிந்தேன்.

"இங்க யாரும் மனசு சங்கடப்பட மாட்டாங்க. டாக்டர் இல்ல, எஸ்கந்தர் பொண்ணு இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன். எனக்கு மரியாதை வேணாம் ஹூஷங். உண்மை வேணும்."

தெய்லமி இடது பாதத்தின் அடியில் விரலால் கோடிழுத்தார், குதிகாலிலிருந்து மேலே வரை. ஹூஷங் உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடியும் இழுத்தார், இன்னும் அழுத்தி. என் உள்ளங்கைக்குக் கீழே அவர் இமைகள் அடித்துக்கொண்டன.

"இல்ல" என்றார். குரலே எழும்பவில்லை. "ஒண்ணும் தெரியல தூரான்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரே ஒரு முறை யாரிடமாவது "இல்லை" என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கியவள் நான். கையை எடுக்கவில்லை. உள்ளங்கை நனைந்துகொண்டிருந்தது. மாந்தானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெய்லமி வலது பாதத்துக்குப் போனார்.

"இப்ப?"

ஹூஷங் மூச்சை அடக்கிக்கொண்டு தேடுவது எனக்குத் தெரிந்தது, இருட்டில் சுவரைத் தடவிப் போகிறவர் மாதிரி.

"கொஞ்சம்" என்றார். "ரொம்பக் கொஞ்சம். சுண்டுவிரல் பக்கமா யாரோ தொடற மாதிரி இருக்கு. பொய் சொல்லல தூரான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் பிடித்துக்கொண்டிருந்தது சுண்டுவிரலைத்தான்.